கூப்பன்காரர்

மாட்டுத் தீவனத்தைத் தின்று பார்த்த மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு, பாக்கு மெல்வதுபோல் நிதானமாக மென்றுவிட்டு, "உப்புக் கொஞ்சம் தூக்கலா இருக்கு தம்பி, ஆனா மாடு விரும்பும்" என்று என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகுதான் என் ஜீப்பில் மைக்கைக் கட்டிக்கொண்டு ராசிங்காபுரம் பக்கம் அந்தத் தீவனத்துக்கு விளம்பரம் பண்ணப் போனோம். வழுக்கைத் தலையில் பேன் மருந்தைத் தேய்த்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். எரிச்சல் எடுக்கிறதா என்று பார்த்தாராம். "முடியே இல்லாத தலையில என்னண்ணே தெரியப் போகுது?" என்று கேட்டேன். "எரியுறதுக்கு முடி எதுக்குத் தம்பி?" என்றார்.

போடியில் அவரைக் கூப்பன்காரர் என்றுதான் சொல்வார்கள். எழுபதுகளில், பி.யூ.சி. தேறாமல் நான் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, அப்பா தோட்டத்தில் ஒரு பங்கை விற்றுப் பழைய ஜீப் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். படிப்புக்கு ஆகாதவன் ஸ்டியரிங்குக்காவது ஆவானா என்று பார்த்தார் போலிருக்கிறது. அந்த ஜீப்புக்கு முதல் நிரந்தர வாடிக்கை கூப்பன்காரர். ஊரில் ஏலக்காய் மண்டி வைத்திருந்த முதலாளி ஒருவர், ஏலக்காய் சேர்த்த டீத்தூளைப் பாக்கெட்டில் அடைத்து விற்கக் கிளம்பியிருந்தார். சரக்கு நன்றாகத்தான் இருந்தது, வாங்கத்தான் ஆளில்லை. மெட்ராசில் சோப்புக்கும் பல்பொடிக்கும் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்த இவரை, யாரோ சொல்லி, முதலாளி இங்கே அழைத்து வந்தார்.

பட்டணத்தை விட்டுவிட்டு இந்த மலையடிவாரத்துக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறேன். "அங்க நான் எழுதுனத யாரு படிக்கிறா, யாரு வாங்குறான்னே தெரியாது. இங்க வாங்குனவுக எதுத்தாப்ல வந்து நிப்பாக" என்றார். எதிரே வந்து நிற்பார்கள் என்பதை அவர் எவ்வளவு ஆசையாகச் சொன்னார் என்பது இப்போதும் என் காதில் இருக்கிறது. பின்னால் அதுவே அவருக்கு வினையானது.

டீத்தூளை ஊருக்குள் கொண்டு போக அவர் கண்டுபிடித்த வழிதான் கூப்பன். ஒவ்வொரு பாக்கெட்டுக்குள்ளும் தடித்த மஞ்சள் காகிதத்தில் ஒரு சீட்டு இருக்கும். சுற்றிலும் சிவப்புப் பூவேலை, ஓரத்தில் கத்தரிக்கோல் படம். கொஞ்சம் சேர்த்துக் கொண்டுவந்தால் ஒரு எவர்சில்வர் டம்ளர், நிறையச் சேர்த்தால் குடம். எழுத்துத் தெரியாத பெண்களுக்கும் அந்த மஞ்சள் காகிதம் தெரிந்தது. அரிசிப் பானையிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் சேர்த்து வைத்தார்கள். ஒருத்திக்குக் குறைந்தால் நாத்தனாரிடம் வாங்கிச் சேர்த்துக்கொண்டாள். சின்னப் பாக்கெட் கூப்பனும் பெரிய பாக்கெட் கூப்பனும் கலந்து வந்தாலும் அவர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வார்.

ஆனால் டம்ளர் கையில் வந்து சேராமல் மைக்கைத் தொட மாட்டார். ஒருமுறை மதுரையிலிருந்து டம்ளர் லோடு வரத் தாமதமாகிவிட்டது. மைக்கும் பேட்டரியும் கட்டி ஜீப் தயாராக நிற்கிறது. முதலாளி மண்டியிலிருந்து ஆள் மேல் ஆள் விடுகிறார். இவர் தன் வீட்டு முன்னறையில் காலி அலமாரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "சொன்னா கையில இருக்கணும். கையில இல்லாதத எப்படிச் சொல்றது?" லாரி வந்து, டம்ளர்களை அடுக்கி, ஒன்றை எடுத்துத் தண்ணீர் குடித்துப் பார்த்த பிறகுதான் கிளம்பினார்.

இதையெல்லாம் தொழில் நேர்மை என்று ஊர் பாராட்டியது. நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி மட்டும் பாராட்டவில்லை. "நேர்மையும் இல்ல, கீர்மையும் இல்ல. கேட்டவுகளுக்கு இல்லைன்னு சொல்ல இவருக்கு வாய் வராது. அதுக்குப் பயந்துக்கிட்டு முன்கூட்டியே வாங்கி அடுக்குறாரு" என்று சொல்லும். அக்கா சொன்னதுதான் சரி. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் இவருடைய சைக்கிளை இரவல் கேட்டு வந்தார். அதை ஏற்கெனவே இன்னொருவர் கொண்டு போயிருந்தார். வேறு யாராக இருந்தாலும் கையை விரித்திருப்பார்கள். இவர் கடைத்தெருவுக்கு நடந்து போய், வாடகைச் சைக்கிள் எடுத்துவந்து, தன்னுடையது என்று கொடுத்தார். வாடகை ஏறிக்கொண்டே இருக்க, வாங்கிப் போனவர் சாவகாசமாகச் சின்னமனூர் போய் வந்தார்.

அவர் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை "பாக்குறேன்" என்பது. நம்மில் யாராவது பார்க்கலாம் என்றால் ஆகாது என்று அர்த்தம். கேட்டவனும் புரிந்துகொண்டு எழுந்து போய்விடுவான். இவர் பாக்குறேன் என்றால் காரியம் முடிந்துவிட்டது என்று ஊருக்கே தெரியும்.

குரங்கணிக்கு மேலே, ஜீப் நிற்கும் இடத்திலிருந்து செங்குத்தாக ஏறிப் போனால் ஒரு குடியிருப்பு உண்டு. ஏலத் தோட்டத்தில் காய் பறிக்கிற, களை எடுக்கிற குடும்பங்கள். அங்கிருந்து பேச்சியம்மாள் என்ற பெண் கூப்பன் மாற்ற வரும். புருஷன் இல்லை, ஒரே மகள். ஒருமுறை எலி கடித்த கூப்பன்களைச் சோற்றுப் பசை வைத்து ஒரு செய்தித்தாளில் ஒட்டிக் கொண்டுவந்தது. பாதிச் சீட்டுகளில் கத்தரிக்கோல்தான் மிச்சம். கெடு தேதி வேறு எப்போதோ தாண்டிவிட்டது. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து டம்ளரை எடுத்து, வேட்டி முனையால் துடைத்துக் கொடுத்தார்.

"கெடு தாண்டிருச்சுன்னு கீழ பஸ்சுல சொன்னாகளே அய்யா?" என்று பேச்சியம்மாள் தயங்கியது.

"கெடு கம்பெனிக்குத்தேன் ஆத்தா. ஒங்களுக்கு ஏது கெடு?"

எண்பதுகளின் நடுவில், பல வருஷமாக நடக்காமல் கிடந்த உள்ளாட்சித் தேர்தலை அறிவித்தார்கள். மண்டி முதலாளி யூனியன் சேர்மன் பதவிக்கு நின்றார். டீத்தூளும் தீவனமும் விற்றுக் கொடுத்தவர் தன்னையும் விற்றுக் கொடுப்பார் என்பது அவர் கணக்கு. மண்டியில் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு இவரை உட்கார வைத்தார்.

"வெளம்பரத்தாரே, இந்தத் தடவ சரக்கு நான்தேன்."

"சரக்கு எதுவானாலும் நான் தின்னு பாப்பேனே மொதலாளி" என்றார் இவர். மண்டியே சிரித்தது. முதலாளியும் தொடையில் தட்டிச் சிரித்தார்.

எதிர்த்து நின்றவர்கள் வழக்கம்போல் தலைவர்களின் பெயரைச் சொல்லி, மேடை போட்டு, தொண்டை கிழியக் கத்தினார்கள். கூப்பன்காரர் கத்தவில்லை. டீத்தூள் விற்கும்போது எப்படிப் போவாரோ அப்படியே ஊர் ஊராகப் போனார். கிணற்றடியிலும் களத்திலும் நின்று பெண்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டார். "ஒங்களுக்கு என்ன கொறை ஆத்தா?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். அப்படி வாயை மூடிக்கொண்டு கேட்கும் ஆளை அந்தப் பெண்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. ராசிங்காபுரத்தில் குடிதண்ணீர் என்றார்கள். தோட்டக் கிணற்றில் மோட்டார் ஓடும் நேரத்துக்குக் குடத்தோடு ஓட வேண்டியிருக்கிறது என்றார்கள்.

குரங்கணியில் ஜீப்பை நிறுத்திவிட்டு மேலே ஏறினோம். வழி முழுக்க உருட்டுக் கல்லும் வேரும். குடியிருப்பில் பேச்சியம்மாள்தான் பேசியது.

"டம்ளரு போதும்யா, நெறையா இருக்கு. எங்களுக்கு ரோடுதேன் இல்ல. மேல யாருக்காச்சும் முடியலைன்னா கம்பளியில போட்டு, கம்புல கட்டித் தூக்கணும். எங்க வீட்டுக்காரர அப்படித்தேன் தூக்குனாக. பாதி வழியில கனம் கூடிருச்சுன்னு தூக்குனவுக சொன்னாக. எறக்கிப் பாத்தா மூச்சு இல்ல."

குரங்கணி வந்து ஜீப்பில் உட்கார்ந்த பிறகு, "அந்தப் பிள்ள சொன்னதுக்கு மேல நான் என்னத்த எழுதப் போறேன் தம்பி" என்றார். மறுநாள் அச்சாபீசில் அவர் எழுதிக் கொடுத்ததை நானும் படித்தேன். 'இனிக் கம்பளி வேண்டாம். ஜீப் வரும்.' அதற்குக் கீழே சின்னம். அதற்கும் கீழே, 'இந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.' அதே தடித்த மஞ்சள் காகிதம், அதே சிவப்புப் பூவேலை. ராசிங்காபுரத்துக்கு அதே மஞ்சளில் குழாய் படம் போட்டு வேறொரு சீட்டு. மற்றவன் நோட்டீஸ் சாயங்காலத்துக்குள் கடலை மடிக்கப் போய்விடும், கூப்பனை எந்த வீட்டிலும் தூக்கி எறிய மாட்டார்கள் என்றார். அந்த மூளைக்கு நான் அன்றைக்குக் கும்பிடு போட்டேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் முதலாளியிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"ரோடு போட முடியும்ல மொதலாளி? வழியெல்லாம் காட்டிலாகா எடம்னு சொல்றாகளே?"

"முடியுமான்னு கேக்குறது உம்ம சோலியா? டீத்தூளு குடிச்சா அசதி போகும்னு எழுதுனீரே, டாக்டரக் கேட்டா எழுதுனீரு?"

"குடிச்சுப் பாத்தேன் மொதலாளி."

"அப்ப ரோட்டையும் போட்டப்பெறகு நடந்து பாத்துக்கிடும். வெரசா அடிக்கக் குடும்யா."

ஒரு தீவன மூட்டைக்குக் கூட அவர் சோதித்துப் பார்க்காமல் விளம்பரம் பண்ணியதில்லை. காலி அலமாரியை வைத்துக்கொண்டு கூப்பன் அடிக்க மாட்டேன் என்று எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் அது முதலாளிக்கு 'இல்லை' என்று சொல்வது அல்லவா? "பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு அச்சாபீசுக்கு நடந்தார்.

முதலாளி ஜெயித்தார். மாலையும் வெடியுமாக ஊர்வலம் போனபோது என் ஜீப்பில்தான் நின்றார். கூப்பன்காரர் முன் சீட்டில், பல்வலிக்காரர் மாதிரி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

ஆடி மாதம் ராசிங்காபுரத்தில் தெருக்குழாய் வந்தது. அது வேறு ஏதோ திட்டத்தில் முன்பே எழுதி வைத்திருந்தது என்று பின்னால் யூனியன் ஆபீசில் சொன்னார்கள். அது ராசிங்காபுரத்துக்கு எப்படித் தெரியும்? கூப்பனைப் பத்திரமாக வைத்திருந்தோம், குழாய் வந்தது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பேச்சியம்மாள் தன் மகளை அந்த ஊரில்தான் கட்டிக் கொடுத்திருந்தது. பேச்சு ஒரு வாரத்தில் மேலே குடியிருப்புக்கும் போய்ச் சேர்ந்தது.

ஆவணியில் ஒரு காலை, குடியிருப்பிலிருந்து ஐந்தாறு பெண்கள் அவர் வீட்டு முன்னறைக்கு வந்தார்கள். நான் அப்போது அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன். பேச்சியம்மாள் இடுப்பிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து அவர் முன்னால் அவிழ்த்தது. உள்ளே மஞ்சள் சீட்டுகள். சுருக்கம் நீவி, அடுக்கி, வாழைநாரால் கட்டியிருந்தார்கள்.

"எங்க ஊருல ஒரு வீடு விடல அய்யா. கீழ எம் மக கிட்டச் சொல்லி ராசிங்காபுரத்துலயும் கொஞ்சம் வாங்கியாந்தேன். அது கொழாய்க்கு உள்ளது. ஆனாலும் சேத்துக்கிருவீகள்ல? ரோடுன்னா பெரிய சாமான், நெறையா வேணும்னு எங்களுக்குத் தெரியாதா? கொறஞ்சாச் சொல்லுங்க, இன்னம் கொண்டாறோம்."

அவர் கட்டைக் கையில் வாங்கினார். பழைய வழக்கத்தில் கட்டைவிரல் சீட்டுகளைத் தள்ளத் தொடங்கி, பாதியில் நின்றது. பேச்சியம்மாள் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்தது.

"எம் மக மாசமா இருக்கா அய்யா. ஐப்பசியில எதிர்பாக்குறோம். தலைப்பிரசவம் தாய் வீட்டுலதேன் பாக்கணும். ஆனா சம்பந்தகாரவுக, ரோடு இல்லாத ஊருக்குப் புள்ளய அனுப்ப மாட்டோங்குறாக. அதுக்குள்ள வெட்டிருவாகளா?"

'இல்லை' என்பது மூன்று எழுத்து வார்த்தைதான். நாக்கைப் புரட்டினால் முடிந்தது. அவர் கட்டைத் திரும்ப நாரால் கட்டினார். காலியாகக் கிடந்த அலமாரித் தட்டில் வைத்தார்.

"பாக்குறேன் ஆத்தா."

அன்றைக்கே அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு சேர்மனிடம் போனார். நான்தான் ஜீப்பில் கூட்டிப்போய்க் கூடவே நின்றேன். சேர்மன் மேஜையில் கிடந்த மஞ்சள் சீட்டுகளைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"பாரஸ்ட்டுக்காரன் அங்க ஒரு செடிய வெட்ட விடமாட்டான்யா. மதுரையில கலெக்டரே சொன்னாலும் நடக்காது."

"தெரிஞ்சேதேன் சீட்டடிக்கச் சொன்னீகளா மொதலாளி?"

"எனக்குத் தெரியும். ஒமக்கும் தெரியும். நீருதேன கேட்டீரு?" சேர்மன் சிரிப்பை நிறுத்திவிட்டு, நிஜமாகவே இரக்கத்தோடு சொன்னார். "ஆளுக்கு ஒரு டம்ளரக் குடுத்து அனுப்பிவிடும். ஒமக்குப் பழக்கந்தான."

அதற்குப் பிறகும் மனிதர் சும்மா இருக்கவில்லை. மதுரைக்கு ரயிலேறிப் போய்க் காட்டிலாகா ஆபீசு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார். அங்கே யாரும் அவரைத் திட்டவில்லை. உட்காரச் சொன்னார்கள், அவ்வளவுதான். டீத்தூள் விற்ற வாய், சலூன்காரரிடமும் பஸ் கண்டக்டரிடமும் ஊர்க் கதை பேசும் வாய், அந்த நாட்களில் ஒட்டிக்கொண்டது. அக்கா என்னிடம் வந்து அழுதது. "ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடக்காரு தம்பி. வராதுன்னு போயிச் சொல்லிட்டு வந்தாத்தேன் என்னவாம்? நீயாச்சும் கூட்டிட்டுப் போ."

புரட்டாசியில் கூட்டிப் போனேன். சொல்வதற்கென்றுதான் போனோம். குரங்கணியில் இறங்கியபோதே, "இன்னைக்குச் சொல்லிருவேன் தம்பி" என்றார். ஏறும் வழியெல்லாம் மூச்சிரைக்க அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். பரீட்சைக்குப் போகிறவன் மனப்பாடம் பண்ணுவதுபோல் இருந்தது.

குடியிருப்பே கூடிவிட்டது. கட்டில் போட்டார்கள். பேச்சியம்மாள் கட்டங்காப்பி போட்டுக் கொண்டுவந்தது. அவர் கொடுத்த டம்ளர்தான். கூப்பன் கொடுத்து வாங்கியது என்று காட்டுவதற்காகவே சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்தது. சீமந்தம் முடிந்துவிட்டதாம். வருகிற நல்ல நாளில் மகளை அழைத்து வர வேண்டும்.

"சம்பந்தகாரவுக ஒங்க வார்த்தயத்தேன் கேக்குறாக அய்யா. கூப்பன்காரவுக சொன்னா அனுப்புறோம்னுட்டாக. ரோடு வந்துரும்ல? புள்ளயக் கூட்டியாரலாம்ல?"

அவர் டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். உதடு பிரிந்தது. நான் மனசுக்குள் சொல்லுங்கண்ணே, சொல்லுங்கண்ணே என்று துடித்தேன்.

"பாக்குறேன் ஆத்தா" என்றார்.

பெண்கள் குலவை போட்டார்கள். எத்தனையோ கல்யாணத்தில், எத்தனையோ கோயில் கொடையில் குலவை கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் காதைப் பொத்திக்கொண்டேன்.

கிளம்பும்போது நான் பேச்சியம்மாளைத் தனியே அழைத்தேன். "ஆத்தா, ரோட்ட நம்பாதீக. காட்டிலாகா விடாது. மக கீழயே இருக்கட்டும்" என்று பச்சையாகவே சொன்னேன். அது என் தோளில் தட்டிச் சிரித்தது. "ஜீப்பு வச்சிருக்க நீயே இப்படிச் சொல்லலாமாப்பா? ரோடு வந்தா ஒனக்குத்தேன மொதச் சவாரி?" பின்னால் ஒரு நாள் ராசிங்காபுரத்துக்கு வாடகை போனபோது சம்பந்தகாரம்மாவிடமும் சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மா கையை நீட்டித் தெருக்குழாயைக் காட்டியது. ஒரு பெண் அதில் குடத்தை வைத்துக்கொண்டிருந்தாள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கு மலையிறங்கும்போது அவர் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். "தொண்டை வரைக்கும் வந்துச்சு தம்பி. அந்த டம்ளரப் பாத்தேன். உள்ள போயிருச்சு." எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் அந்த உருட்டுக் கல் வழியில் அவரால் தனியே இறங்க முடியாது. கையைப் பிடித்துத்தான் இறக்கினேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு முற்பகல் குரங்கணியில் சவாரிக்காக நின்றுகொண்டிருந்தேன். மேலே வளைவில் ஆட்கள் வருவது தெரிந்தது. நாலு பேர் கம்பைத் தோளில் வைத்து, வழுக்கி வழுக்கி இறங்கினார்கள். கம்பில் கம்பளி. பின்னால் பேச்சியம்மாள் தலைவிரி கோலமாக ஓடி வந்தது. போடி ஆஸ்பத்திரிக்கு நான் ஓட்டிய ஓட்டம் அந்த ஜீப் வாழ்நாளில் ஓடியதில்லை. மகளைக் காப்பாற்றிவிட்டார்கள். பிள்ளை, வழியிலேயே முடிந்துபோயிருந்தது. ஆண் பிள்ளை.

மறுநாள் காலையில் நான் கூப்பன்காரர் வீட்டில் இருந்தேன். விஷயத்தைச் சொல்லத்தான் போனேன். ஊர் எனக்கு முன்னே சொல்லிவிட்டிருந்தது. முன்னறையில், அலமாரிக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. அப்போது பேச்சியம்மாள் வாசலில் வந்து நின்றது. முந்தின நாள் நனைந்த சேலைதான், உடம்பிலேயே காய்ந்திருந்தது. கத்தும், மண்ணை வாரித் தூற்றும் என்று நினைத்தேன். தூற்றினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அது நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, பழைய தயக்கத்தோடு கேட்டது.

"அய்யா, ஒண்ணு கேக்கணும். எனக்குப் படிக்கத் தெரியாது. அந்தக் கூப்பனுக்குக் கெடு ஏதும் போட்டிருந்துச்சா? நாங்க பிந்திக் கொண்டாந்துட்டமோன்னு எங்காளுக பேசிக்கிறாக. சித்திரையிலயே கொண்டாந்துருக்கணுமோ?"

அவர் எழுந்து நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

"கெடு இல்ல ஆத்தா. நீங்க பிந்தல. எங்கிட்ட ரோடே இல்ல. நீங்க கொண்டாந்த அன்னைக்கும் இல்ல. அச்சடிச்ச அன்னைக்கும் இல்ல."

வந்து கேட்ட ஒருவரிடம் அவர் இல்லை என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பேச்சியம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. புரிவதற்கு நேரமானது. புரிந்தபோதும் குரல் ஏறவில்லை.

"அத அன்னைக்கு மேல வந்தப்பச் சொல்லிருந்தா, புள்ளய மாமியா வீட்டுலயே விட்டுருப்பேன்ல அய்யா? ஆஸ்பத்திரி பக்கத்துலதேன இருந்துச்சு."

அவர் வாய் திறந்து திறந்து மூடியது. ஒரு ஊரையே வாங்க வைத்த வாய் அது.

"கொஞ்சம் சுடுதண்ணி கெடைக்குமா?" என்று அதுவே கேட்டது. "எம் மகளுக்கு நாக்கு வறண்டு கெடக்கு."

அவர் உள்ளே ஓடினார். ஸ்டவ்வுக்குக் காற்று அடிக்கும் சத்தம் கேட்டது. பற்றவில்லை. மறுபடியும் அடித்தார். வெகுநேரம் அடித்துக்கொண்டே இருந்தார். பேச்சியம்மாள் அலமாரியில் இருந்த மஞ்சள் கட்டைப் பார்த்தது, பிறகு வேறு பக்கம் பார்த்தது. கடைசியில் அவர் மூடி போட்ட தூக்குச் சட்டியில் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். கை சுட்டிருந்தது, அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. பேச்சியம்மாள் முந்தானையைச் சுற்றித் தூக்கை வாங்கிக்கொண்டு படியிறங்கியது.

நான் சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். "ஏறிக்கங்க ஆத்தா, ஆஸ்பத்திரியில விட்டுர்றேன்."

"வேணாம்ப்பா" என்றது, திரும்பாமல். "இங்கதேன் ரோடு இருக்கே. நடந்துருவேன்."